எத்தனை சிஸ்டரும் நாற்சந்திப் போலீஸ்காரரும்

கல்லீரல் வார்டுக்கு சிஸ்டரை அனுப்பியபோது பதினைந்து நாள் மட்டும் என்றுதான் சொன்னார்கள். அங்கே இருந்த நர்ஸ் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பும் வரை சமாளித்தால் போதும் என்றார் தலைமை நர்ஸ். போனவள் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகளைப் பெற்று, கணவனுக்கு மாற்றலாகி, வேறு ஊரில் வீடும் கட்டிக்கொண்டாள். அந்தப் பதினைந்து நாள் இன்னும் முடிந்தபாடில்லை. இது பதினேழாவது வருடம்.

வார்டில் அவருக்கு 'எத்தனை சிஸ்டர்' என்று பெயர். காரணம் இருக்கிறது. ஈரல் கெட்டுப்போனவர்களுக்கு ஒரு சிரப் கொடுப்பார்கள். பாகு மாதிரி கெட்டியாக, திகட்டத் திகட்ட இனிப்பாக இருக்கும். குடித்தால் வயிறு இளகி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை போகும். போயே ஆக வேண்டும். ஈரலால் சுத்தம் செய்ய முடியாத கழிவு உடம்பில் தங்கிவிட்டால் ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிடும். ஆள் முதலில் தூங்கி வழிவார், அப்புறம் உளறுவார், கவனிக்காமல் விட்டால் நினைவே தப்பிவிடும். ஆகவே சிஸ்டர் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

"எத்தனை?"

"ரெண்டு சிஸ்டர்."

"நீங்க எத்தனை?"

"மூணு."

"நீங்க?"

"ஒண்ணரை."

"அது என்னங்க அரை?"

"முயற்சி பண்ணினேன் சிஸ்டர்."

முயற்சியையும் எழுதிக்கொள்வார். பிறகு ஒவ்வொருவராக இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்வார். "வண்டியை நிறுத்துற மாதிரி உள்ளங்கையைக் காட்டுங்க. அப்படியே வச்சிருங்க." கழிவு மூளைக்கு ஏறியிருந்தால் அந்தக் கை நிற்காது. மணிக்கட்டு பொத்தென்று விழும், எழும், மறுபடி விழும். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அந்தக் கை உண்மையைச் சொல்லிவிடும் என்பார் சிஸ்டர்.

இந்தத் தொழில் அவரோடு வீட்டுக்கும் வந்தது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லுகிற சாக்கில் கண்ணின் வெள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டே கண்டக்டரிடம், "கண்ணு மஞ்சளா இருக்கு தம்பி, போய் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க" என்றார். பஸ்ஸில் எரியும் பல்பு அப்படி என்றார் கண்டக்டர். அடுத்த வாரம் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் அவர்தான் படுத்திருந்தார். சிஸ்டரின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனிதர். ஆனாலும் வார்டின் உப்பில்லாச் சமையல்தான் வீட்டிலும். ஒரு தீப்பெட்டியில் உப்பு நிரப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினேழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறார்.

நாற்சந்திப் போலீஸ்காரர் வார்டுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது, காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஈரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனிதர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டர், நான் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல."

"நான் ஒண்ணும் சொல்லலையே. இது சர்க்கரை வியாதியாலயும் கொழுப்பாலயும் வந்தது."

அது உண்மைதான். நாற்சந்தியின் நான்கு மூலையிலும் டீக்கடை. நான்கு கடைக்காரர்களும் மரியாதைக்குக் காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ கொடுப்பார்கள். மரியாதை என்பதால் சர்க்கரையும் தாராளம். ஒரு கடையில் குடித்து மற்றதில் குடிக்காமல் இருந்தால் பாரபட்சம் ஆகிவிடுமே என்று எட்டையும் குடித்தார், இருபத்தெட்டு வருடமாக.

ஆனால் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லி என்ன பயன்? ஈரல் என்றாலே ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பக்கத்து வீட்டுக்காரர் பழம் வாங்கி வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டார். "நடந்தது நடந்துபோச்சு. இனிமேலாவது விட்டுடுங்க."

"எதை?"

"அதைத்தான்."

"எதைங்க?"

"என்கிட்ட போய் மறைப்பீங்களா?"

எத்தனை பேரைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடித்திருப்பார்! அவரைப் போய் இப்படிச் சொன்னால் எப்படித் தாங்குவார்? மூன்றாம் நாள் சிஸ்டரைக் கூப்பிட்டு, தான் குடிப்பதில்லை என்று எழுதித் தரும்படி கேட்டார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு, வார்டுத் தாள் ஒன்றில், 'இந்த நோயாளிக்குக் குடிப்பழக்கம் கிடையாது' என்று எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் மாதிரி எடுத்துக் காட்டினார்.

கை நீட்டும் பரிசோதனையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சிஸ்டர் "வண்டியை நிறுத்துற மாதிரி" என்று ஆரம்பித்ததுமே எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் நீட்டுவார். முதல் நாள் அவர் நீட்டிய வேகத்தில், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் சட்டென்று நின்று, அவர் தலையசைக்கும்வரை நகரவே இல்லை.

"கல்லு மாதிரி நிக்குது சார்."

"இந்தக் கையைத் தாண்டி ஒருத்தன் போனதில்ல சிஸ்டர்."

"சரி. எத்தனை?"

அங்கேதான் சிக்கல். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். ஒரு பெண்ணிடம், அதுவும் பத்துப் பேர் நடுவில், இதையெல்லாம் சொல்வதா? மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, போர்வைக்குள்ளிருந்து இரண்டு விரலையோ மூன்று விரலையோ லேசாக நீட்டிக் காட்டுவார். சிஸ்டர் போர்வையைப் பார்த்து எழுதிக்கொள்வார்.

நீரெல்லாம் வடிந்து, எடை ஒன்பது கிலோ குறைந்து, மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனார். சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். உப்பு கூடாது, டீயில் சர்க்கரை கூடாது, சிரப்பை மூன்று வேளையும் தவறாமல் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வேலையில் சேர்ந்தார். சிஸ்டரின் பஸ் தினமும் அந்த நாற்சந்தி வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஜன்னல் வழியே சிஸ்டர் கண்ணை உருட்டி ஒரு பார்வை பார்ப்பார். போலீஸ்காரர் யாருக்கும் தெரியாமல் இடுப்போரம் இரண்டு விரலைக் காட்டுவார். பஸ் போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை காலை பஸ் நாற்சந்திக்கு முன்னால் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நகரவில்லை. முன்னும் பின்னும் ஹாரன் சத்தம். டிரைவர் எழுந்து நின்று பார்த்துவிட்டு, "நாலு பக்கத்து வண்டியும் நடுவுல வந்து மாட்டிக்கிச்சு" என்றார்.

"போலீஸ் இல்லையா?"

"போலீஸ்தாங்க எல்லாரையும் வா வான்னு கூப்பிட்டிருக்காரு."

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். நடுவில் மேடையில் போலீஸ்காரர் கை நீட்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கை நேராக வந்தது, பொத்தென்று விழுந்தது, மறுபடி எழுந்தது, விழுந்தது. அவர் நில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்களுக்கோ வா வா என்று தெரிந்தது. கிழக்குப் பக்கம் திரும்பி அதே கையைக் காட்டினால் அவர்களும் வந்தார்கள்.

சிஸ்டர் பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டார். லாரிக்கும் காருக்கும் நடுவே பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்துவிட்டார். போலீஸ்காரர் அதற்குள் மேடையிலிருந்து இறங்கி, ஹெல்மெட் போடாததற்காக சிக்னல் கம்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நாக்குக் குழறியது, கால் பின்னியது.

"டியூட்டியில குடிச்சிருக்கியா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்து வாயில் வைத்தார். பூஜ்யம். உதறினார், தட்டினார், மறுபடி ஊதச் சொன்னார். பூஜ்யம். "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு ஜீப்பிலிருந்து இன்னொன்றை வரவழைத்தார். அதுவும் பூஜ்யம். போலீஸ்காரர் தள்ளாடிக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டு, மடித்த தாளை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்தார்.

"குடிக்காதவன் எதுக்குய்யா சர்டிஃபிகேட் வச்சிக்கிட்டு அலையறான்?"

அப்போதுதான் சிஸ்டர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நேராகப் போலீஸ்காரரின் முகத்துக்கு முன்னால் நின்று, ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"சார்! எத்தனை?"

"அப்படிக் கேளுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "எத்தனை ரவுண்டுன்னு நானும் கேக்கறேன், வாயைத் திறக்கமாட்டேங்கறான்."

போலீஸ்காரர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டம் காட்டினார்.

"ஒண்ணுகூட இல்லையா? எத்தனை நாளா?"

மூன்று விரல்.

"மூணு நாளா ஒண்ணுகூட இல்லையா? ஐயையோ!"

இன்ஸ்பெக்டர் குழம்பிப்போனார். "இல்லேன்னா நல்லதுதானேம்மா? நீங்க எதுக்குப் பதறறீங்க?"

பதில் சொல்ல சிஸ்டருக்கு நேரமில்லை. போலீஸ்காரரை ஜீப்பில் ஏற்றி, தானும் ஏறி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். ஜீப்போ நான்கு பக்க வண்டிக்கு நடுவில் மாட்டியிருந்தது. இன்ஸ்பெக்டரே மேடையில் ஏறிக் கைகாட்டித்தான் வழி உண்டாக்க வேண்டியிருந்தது. அவர் அந்த வேலையை விட்டு இருபது வருடம் ஆகியிருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

வார்டில் எனிமா கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மதியத்துக்குள் வயிறு காலியானது. ஆனால் மூளை தெளிய ஒரு நாளாவது ஆகும் என்றார் டாக்டர். செய்தி கேட்டு மனைவி வந்து, ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் மறுபடி வந்தார். கையில் கனமான பை. கூடவே அவருடைய தம்பி. நூலகத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர் அந்த அம்மாள். எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் ஏறாது. பையைச் சிஸ்டரின் மேஜைமேல் வைத்துவிட்டு, கிசுகிசுப்பாகக் கத்தினார்.

"குடிக்கமாட்டாருன்னு எழுதிக் கொடுத்தீங்களே சிஸ்டர். இதுக்கு என்ன சொல்றீங்க?"

பைக்குள் பதினொரு பாட்டில்கள். பழுப்பு நிறம். லேபிள் எல்லாம் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தன.

"மழைக்கோட்டு வைக்கிற பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு. நேத்து இங்க அவர் நிலைமையைப் பார்த்துட்டு வீட்டையே புரட்டிட்டேன். இத்தனை வருஷம் என்னை ஏமாத்தியிருக்காரு சிஸ்டர்."

கண் கலங்கிவிட்டது. தம்பி அக்காவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் இந்த விஷயத்தில் அனுபவசாலி என்பது மூக்கின் நிறத்திலேயே தெரிந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகம் சிஸ்டர். ஆனா ஆதாரம் இல்லாம ஒருத்தரைச் சொல்லக் கூடாது பாருங்க. அதனால காலைல ஒரு டம்ளர் ஊத்திக் குடிச்சுப் பார்த்தேன்."

சிஸ்டர் ஒரு பாட்டிலின் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்தார்.

"முழு டம்ளரா?"

"முழு டம்ளர். சும்மா சொல்லக் கூடாது, வெளிநாட்டுச் சரக்கு. நல்ல இனிப்பு. மாமாவுக்கு ருசி தெரியும். உறுதிப்படுத்திக்கலாம்னு இன்னொரு டம்ளரும் பார்த்தேன்."

"ஏறுச்சா?"

"லேசா ஏறுச்சு. ஆனா நாங்கள்லாம் தாங்குவோம்."

சிஸ்டர் பாட்டிலை மூடி வைத்தார். "அக்கா, இது சாராயம் இல்ல. நான் கொடுத்த மருந்து. பதினொண்ணும் மூடி பிரிக்காம இருந்திருக்கும், உங்க தம்பி பிரிச்சதைத் தவிர."

"மருந்தா?"

"இதைக் குடிச்சிருந்தா நேத்து எதுவுமே நடந்திருக்காது. உங்க வீட்டுக்காரர் பண்ணின தப்பு குடிச்சது இல்ல, குடிக்காததுதான்."

அந்த அம்மாள் பாட்டில்களைப் பார்த்தார், கட்டிலில் தூங்கும் கணவரைப் பார்த்தார், மறுபடி பாட்டில்களைப் பார்த்தார். தம்பி மெல்ல எழுந்து நின்றார். முகத்தில் ஒரு யோசனை வந்திருந்தது.

"சிஸ்டர், அந்த மருந்து… எதுக்குன்னு சொன்னீங்க?"

"நான் இன்னும் சொல்லலையே."

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. வயிறு போட்ட சத்தம் அடுத்த கட்டில்வரை கேட்டது. வராந்தாக் கடைசியில் இருக்கும் கழிப்பறையைச் சிஸ்டர் கைகாட்டினார். அவர் காட்டி முடிப்பதற்குள் ஆள் பாதி தூரம் போயிருந்தார். அன்று சாயங்காலம் வரை அவரால் ஆஸ்பத்திரியை விட்டுப் போக முடியவில்லை. வார்டில் மற்ற நோயாளிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆறோடு எண்ணுவதை விட்டுவிட்டார்கள், பாவமாக இருந்ததாம்.

போலீஸ்காரர் முழுசாகத் தெளிந்தது அதற்கு அடுத்த நாள். தேதி, கிழமை, மனைவி பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். கையும் நின்றது. சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திட்டுவதற்கென்றே தயாராக வந்திருந்தார்.

"பெரிய மனுஷன் இப்படிப் பண்ணலாமா சார்? மருந்தை ஒளிச்சு வச்சிட்டு, தினமும் என்கிட்ட ரெண்டு விரலைக் காட்டி ஏமாத்தியிருக்கீங்க. உயிர் போயிருந்தா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "வேலையில சேர்ந்து ஒரு வாரம் வரைக்கும் ஒழுங்காத்தான் குடிச்சேன் சிஸ்டர்."

"அப்புறம்?"

"ஒரு நாள் பத்து மணிக்கு டியூட்டியில நிக்கறப்ப வந்துடுச்சு. பக்கத்துல இடம் ஏது? பெட்ரோல் பங்க்குக்கு அரை கிலோமீட்டர். விட்டேன் ஒரு ஓட்டம். எதிர்ல நடந்து வந்தவன் என்னைப் பார்த்ததும் கையில இருந்த பையைப் போட்டுட்டு அவனும் ஓட ஆரம்பிச்சுட்டான். எனக்கு முன்னாலயே ஓடறான், நான் என்ன பண்ணுவேன்? அவன் பங்க்குக்குள்ள பூந்தான், நானும் பூந்தேன். அங்க இருந்தவங்க அவனைப் பிடிச்சுட்டாங்க. பார்த்தா, அவன் பையைத் திருடிட்டு வந்தவனாம். என்னைப் பாராட்டி எல்லாரும் கையைக் குலுக்கறாங்க சிஸ்டர், விடமாட்டேங்கறாங்க. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அன்னிலேர்ந்து சிரப்பைக் குறைச்சேன். அப்புறம் விட்டுட்டேன். லேபிளைப் படிச்சா கூட வேலை செய்யறவங்க சிரிப்பாங்கன்னு அதையும் சுரண்டிட்டேன். ரோட்டு நடுவுல நிக்கறவன் நான். நாளைக்கு மூணு தடவை எங்க போவேன், சொல்லுங்க?"

சிஸ்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பதினேழு வருடமாக எத்தனை எத்தனை என்று ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டிருக்கிறார். எங்கே என்று ஒருவரையும் கேட்டதில்லை. பேஷன்ட் சொன்னபடி கேட்பதில்லை என்று எத்தனை பேரின் தாளில் எழுதியிருப்பார்! அவர்களில் பஸ் டிரைவர் இருந்திருப்பார், தெருவில் காய் விற்பவள் இருந்திருப்பாள். அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உப்பில்லாததால் இல்லை.

அடுத்த நாள் லீவு. நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்ததுமே எழுந்து நாற்காலியை நகர்த்தினார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு எழுதலாம், கோப்பு நகர ஆறு மாதம் ஆகும் என்றார்.

"ஆறு மாசம் அடக்க முடியாது சார்."

பிறகு இரண்டு பேருமாக நாற்சந்திக்குப் போனார்கள். மூலையில் டீக்கடைக்கு அடுத்ததாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பின்புறம் சுத்தமான கழிப்பறை. கடைக்காரர் தயங்காமல் ஒரு சாவியைக் கொடுத்தார்; போலீஸ் தன் கடைக்கு வந்து போனால் நல்லதுதானே என்று நினைத்தார். காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் போலீஸ்காரருக்குப் பதிலாக வேறு ஆள் நிற்க ஏற்பாடாயிற்று. கிளம்பும்போது அங்கே பணியிலிருந்த இரண்டு பெண் காவலர்கள் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"அந்தச் சாவியை நாங்களும் எடுத்துக்கலாமா சிஸ்டர்? நாங்க டியூட்டிக்கு வர்ற அன்னிக்குத் தண்ணியே குடிக்கறதில்ல."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "எடுத்துக்கோங்க" என்றார்.

ஒரே மாதத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஓடிவந்தார். காலையிலிருந்து மாலைவரை போலீஸ் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தால் கடையில் ஏதோ சோதனை நடக்கிறது என்று வாடிக்கையாளர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்களாம். இன்ஸ்பெக்டர் இந்தப் புகாரையும் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஆறு மாதம் ஆகும் என்ற கோப்பு இரண்டே மாதத்தில் நகர்ந்து, நாற்சந்தி ஓரத்தில் தகரக் கழிப்பறை ஒன்று வந்து இறங்கியது.

போலீஸ்காரரின் ஈரல் திரும்ப முளைத்துவிடவில்லை. அது அப்படி முளைக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் ஒருமுறை வயிற்றில் நீர் சேர்ந்து வந்து படுத்தார். மாற்று ஈரலுக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது, கூப்பிடும்போது கூப்பிடுவார்கள். அதுவரை அவரைச் சமாளிக்கும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டார். பாட்டில்களுக்கெல்லாம் நூலகத்துப் புத்தகம் மாதிரி எண் ஒட்டி, தேதிச் சீட்டும் ஒட்டி, குடித்து முடிக்க வேண்டிய நாளை முத்திரை குத்தி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். தாமதமானால் கிசுகிசுப்பாகக் கத்துகிறார். தம்பி அந்த அலமாரிப் பக்கமே வருவதில்லை. சிஸ்டர் அவரையும் விடாமல் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவருடைய ஈரலும் கெட ஆரம்பித்துவிட்டது என்று முடிவு வந்தது. அதிலிருந்து பாதியாகக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார். பாதி என்பது எதில் பாதி என்று சிஸ்டர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வெளிநோயாளிகளின் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று சிஸ்டர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டார். படிவத்தை மாற்ற குழு கூட வேண்டுமாம். சிஸ்டர் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் பேனாவால் எழுத ஆரம்பித்தார்: 'வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை உண்டா? எவ்வளவு தூரம்?'

முதல் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, தெருவில் காய் விற்கும் ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க சிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர், ஒரு கட்டட வேலைக்காரர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. எல்லாருக்கும் சொல்ல நிறைய இருந்தது. அன்று வெளிநோயாளிகளைப் பார்த்து முடிக்க மணி மூன்றாகிவிட்டது.